பொய்த் துக்கம்

தும்பிமலையில் முப்பத்தேழு அம்மாக்கள் ஒரே சனிக்கிழமையன்று செத்துப்போனார்கள். அன்றைக்கு மத்தியானச் சோற்றையும் அவர்கள்தான் ஆக்கினார்கள்.

கெம்பி அந்த நேரத்தில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். துடுப்புப் பிடித்த கை முதலில் லேசானது, பிறகு தோள் லேசானது, பிறகு ஆளே மொத்தமாக லேசாகி, காய் வெடித்துப் பறக்கிற இலவம்பஞ்சு மாதிரி ஆகிப்போனாள். அடுப்பு வெளிச்சத்தில் சுவரில் ஆடவேண்டிய அவள் நிழலைக் காணோம். மெழுகி ஈரம் காயாத தரையில் நாலடி நடந்து பார்த்தாள், ஒரு தடம்கூட விழவில்லை. அதற்குள் களி அடிப்பிடிக்கிற வாசம் வந்துவிடவே, செத்ததைப் பற்றி அப்புறம் யோசித்துக்கொள்ளலாம் என்று திரும்பவும் துடுப்பைப் பிடித்தாள்.

விறகோடு வந்த அவள் புருஷன் வேங்கன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

“உன் நெழலெங்கே?”

“செத்துட்டேன் போலிருக்கு.”

“எப்போ?”

“இப்பத்தான். களி கிண்டுறப்ப.”

வேங்கன் அடுப்பை எட்டிப் பார்த்தான். “களி?”

“அது ஆயிருச்சு. கால் கழுவிட்டு வா.”

சாப்பிட்டு முடித்து, கை கழுவின பிறகுதான் அவன் அழுதான்.

காரணம் என்ன என்று மலையில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் காரணம் எல்லாருக்கும் தெரியும். தும்பிமலையில் இருப்பவர்கள் வரையர்கள். ஒரு வரையர் பிள்ளையின் தலையில் பிறந்ததிலிருந்து இரும்பு படாது. உசிலைப்பொடி தேய்த்து, ஈர் உருவி, இழை இழையாகப் பிரித்துச் சீவி, வளர்வதை வளரவிடுவார்கள். முடி வெட்டுவது ஆயுளில் ஒரே ஒரு தடவை, பெற்றவள் செத்த அன்று. தாய்மாமன் அரிவாளால் காதுக்கு மேலே அறுத்தெடுப்பான். அந்த நிமிஷத்திலிருந்து அந்தப் பிள்ளையின் கண்ணுக்கு அம்மா தெரியமாட்டாள், காதுக்கு அவள் குரல் கேட்காது. செத்தவள் பின்னாலேயே பிள்ளையும் நடந்துவிடக் கூடாதல்லவா, அதற்காக. முடி திரும்ப வளர்ந்து தோளைத் தொடுகிற நாளில் துக்கம் முடியும். அதுவரை வீட்டையே சுற்றிக்கொண்டிருந்த அம்மாவும் போதுமென்று மேல்சோலைக்குப் போய்விடுவாள். மேல்சோலைக்குப் போனவர்கள் திரும்புவதில்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு ஐந்து நாள் முன்னால்தான் ஜீப்புகள் வந்து, ஏழு வயசு எட்டு வயசுப் பெண் பிள்ளைகளையெல்லாம் அடிவாரத்து முன்னேற்ற விடுதிக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தன. அனுப்பாத வீட்டுக்கு ரேஷன் கார்டு கிடையாது, காட்டுக்குள் கிழங்கு தோண்டவும் தேன் எடுக்கவும் அனுமதி கிடையாது என்றார்கள். படித்துக் காட்டாமலே ஒரு தாளில் கைநாட்டு வாங்கினார்கள். பதினெட்டு வயசுவரை பிள்ளையை மலைக்கு அனுப்பமாட்டோம், லீவுக்குக்கூட அனுப்பமாட்டோம், மேலே போனால் பழைய குணம் ஒட்டிக்கொள்ளும் என்று அந்தத் தாளில் எழுதியிருந்தது பிற்பாடுதான் தெரிந்தது. கெம்பியின் மகள் தூறலிக்கு அப்போது ஏழு வயசு. விடுதிப் பதிவேட்டில் அவளை ரேணுகாதேவி என்று எழுதினார்கள். சனிக்கிழமை காலையில் வரிசையாக உட்காரவைத்து முப்பத்தேழு பேருக்கும் கிராப்பு வெட்டினார்கள். கேட்டதற்குப் பேன் என்றார்கள். பேன் சீப்பு என்று ஒரு சாமான் உலகத்தில் இருப்பது படித்தவர்களுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் சீப்பால் வாருவதற்கு ஒவ்வொரு தலையையும் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். கத்திரிக்கோலுக்கு மடி தேவையில்லை.

காதோரம் இரும்பு பட்டதும் அந்த முப்பத்தேழு பிள்ளைகளுக்கும் ஒரே சேதிதான் போய்ச் சேர்ந்தது: அம்மா செத்துப்போனாள். வேறெப்படிப் புரிந்துகொள்ளும் வரையர் பிள்ளை? மலையில் சாவு முதலில் வரும், முடி பின்னால் போகும். இங்கே முடி முதலில் போய்விட்டது. சாவு பின்னாலேயே வந்து சேர்ந்துகொண்டது.

செத்த பெண்கள் முப்பத்தேழு பேரை வைத்துக்கொண்டு ஓர் ஊர் எப்படி நடக்கும் என்றால், நடக்கும். முதல் வாரம் வேப்பிலையும் ஒப்பாரியுமாக இருந்தார்கள். ஒப்பாரியில் செத்தவர்களே உட்கார்ந்து, “அந்த அடி தப்பு, என் தங்கச்சி பேரை விட்டுட்டீங்க” என்று திருத்தம் சொல்ல ஆரம்பித்ததும் அது தானாக நின்றுபோனது. இரண்டாவது வாரம் ஊர்க்கூட்டம் போட்டார்கள். செத்த பெண்டாட்டியோடு ஒரே கூரைக்கடியில் இருக்கலாமா என்று ஒருவன் கேட்டான். “உசிரோட இருந்தப்ப மட்டும் ரொம்ப ஒட்டிக்கிட்டா இருந்த?” என்று செத்தவள் ஒருத்தி கேட்டாள். கூட்டம் சிரித்தது, தீர்ப்பு அதுவாகவே ஆகிவிட்டது. செத்தவர்களுக்குக் கிழங்கில் பங்கு உண்டா என்பதற்கு மட்டும் இரண்டு நாள் வாதாடினார்கள். கெம்பி எழுந்து, “தோண்டுறது நான், சுமக்கிறது நான், அவிக்கிறது நான். திங்கிறப்ப மட்டும் செத்தவளா?” என்றாள். அந்த மலையில் கெம்பியோடு வாதாடி ஜெயித்தவன் எவனும் இல்லை; செத்த பிறகு அவள் வாய் இன்னும் நீளமாகிவிட்டது என்று வேங்கன் சொல்லுவான்.

மூன்று மாதத்தில் எல்லாம் பழகிவிட்டது. செத்தவர்களை அட்டை கடிக்காது, கொசு அண்டாது, எறும்பு ஏறாது. யானைக்கு அவர்கள் வாசம் தெரியாது. அதனால் மழைக்காலத்துத் தடத்தில் செத்தவர்கள் முன்னால் நடந்தார்கள், உயிரோடிருப்பவர்கள் பின்னால் நடந்தார்கள். எடை இல்லாததால் நெல்லிமரத்தின் நுனிக்கொம்புவரை ஏறினார்கள். ரேஷன் கடையில் கெம்பியின் விரலை மெஷினில் வைத்தால் ரேகை விழவில்லை. “செத்துட்டேன், அதனாலதான் விழல” என்று அவள் உள்ளதைச் சொன்னாள். கடைக்காரர் தலையைக்கூடத் தூக்காமல், “மலையில இருந்து வர்ற யாருக்குத்தான் விழுது?” என்று சொல்லிவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.

எல்லாவற்றுக்கும் பழகலாம். மாதத்தின் முதல் சனிக்கிழமைக்குத்தான் பழக முடியவில்லை.

விடுதியில் முதல் சனிக்கிழமை காலையில் முடிவெட்டு, மத்தியானம் பெற்றோர் பார்வை. முதல் தடவை போனபோது வேங்கன் மகளைத் தூக்கிவைத்துக்கொண்டு, “உன் அம்மா சாகல சாமி. இந்தா, என் பக்கத்துல நிக்குறா பாரு” என்றான். தூறலி அவன் கை காட்டிய இடத்தைப் பார்த்தாள். பார்வை கெம்பியின் நெஞ்சு வழியாகப் போய்ப் பின்னால் இருந்த குழாயில் நின்றது.

“அது பைப்புப்பா,” என்றாள், பிறகு பெரிய மனுஷி மாதிரி அவன் கன்னத்தைத் தடவி, “அழாதப்பா. அம்மா மேல்சோலைக்குப் போயிருவா,” என்றாள்.

வார்டன் வத்சலா டீச்சருக்குக் கெம்பி நன்றாகவே தெரிந்தாள். செத்தவர்கள் எல்லார் கண்ணுக்கும் தெரிவார்கள், பெற்ற பிள்ளை கண்ணுக்குத்தான் தெரியமாட்டார்கள். டீச்சர் நல்ல மாதிரி; டீ கொடுத்து, பிஸ்கட் கொடுத்து, “உங்க பொண்ணு சூப்பரா அட்ஜஸ்ட் ஆயிட்டாம்மா. மத்த ஹாஸ்டல்ல எல்லாம் அம்மா அம்மான்னு ஒரே அழுகையாம். எங்க பிள்ளைங்க அம்மான்னு ஒரு வார்த்தை சொல்றதில்ல” என்று பெருமையாகச் சொன்னார். அந்த வருஷ அறிக்கையிலும் அதைச் சாதனையாக எழுதினார். எத்தனையோ அறிக்கைகளில் எத்தனையோ சாதனைகள் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. எழுதியவர்கள் யாரும் கொடியவர்கள் இல்லை.

கெம்பி ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. ஏழு வருஷம், எண்பத்து நாலு சனிக்கிழமை. மகள் வீட்டுப்பாடம் எழுதுகிற பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த மரத்தில் தேன் அடை கட்டியது, எந்த ஓடையில் நண்டு குஞ்சு பொரித்தது என்று ஒன்றுவிடாமல் சொல்லுவாள். தூறலி பேனாவின் பின்னுச்சியைக் கடித்தபடி வாய்ப்பாடு முணுமுணுப்பாள். பக்கத்தில் பெஞ்சு காலியாக இருக்கிறதென்று நினைத்துப் புத்தகப்பையை அம்மாவின் மடியில் வைப்பாள். எடையில்லாத மடியில் அந்தப் பை மட்டும் கனத்தது என்று கெம்பி சொல்லுவாள்.

இதற்குள் ஒரு முடிச்சு இருந்தது, அதை எல்லா அம்மாக்களும் பேசாமலே புரிந்துவைத்திருந்தார்கள். மாதாமாதம் வெட்டுவதால் முடி தோளைத் தொடவே இல்லை. தொடாததால் துக்கம் முடியவில்லை. முடியாததால் யாரும் மேல்சோலைக்குப் போகவில்லை. அவர்களைக் கொன்ற கத்திரிக்கோல்தான் அவர்களைப் போகவிடாமல் பிடித்தும் வைத்திருந்தது. அதைச் சபித்துக்கொண்டே அதை நம்பிக் கிடந்தார்கள். அடக்கி வைக்கப்பட்டவர்களுக்கு வாய்க்கிற உலகம் அப்படித்தான் வாய்க்கிறது.

முடிச்சு போன வருஷ ஆண்டு விழாவில் அவிழ்ந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு வந்த பெண்கள் முடி வளர்த்துக்கொள்ளலாம் என்பது விடுதிச் சட்டம். விழாவில் ஆட வேண்டுமே. அந்த வருஷம் ஒன்பதாவதுக்கு வந்தவள் ஒருத்திதான், கெம்பியின் சிநேகிதி ஈரியின் மகள். காதுக்குக் கீழே இறங்கியிருந்த அவள் முடியோடு சவுரி வைத்துப் பின்னி, கனகாம்பரம் சுற்றி மேடையேற்றினார்கள். பின்வரிசைச் சுவரோரம் கெம்பியும் ஈரியும் ஆளுக்கொரு காராபூந்திப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

“நெத்தி பாத்தியா கெம்பி, அப்படியே அவங்கப்பன் நெத்தி. சிரிக்கிறப்ப மட்டும் இந்தா இந்த எடத்துல என்னைய மாதிரி…”

மேடையில் பெண் தலையைத் திருப்பினாள். சவுரி தோளைத் தொட்டது. ஈரி இருந்த இடத்தில் காராபூந்திப் பொட்டலம் ஒரு கணம் தானாக நின்று, பிறகு கீழே விழுந்து சிதறியது. சுற்றியிருந்தவர்கள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள், நடனத்துக்கு.

இந்த வருஷம் தூறலி ஒன்பதாம் வகுப்பு. முடி தோளைத் தொட இன்னும் இரண்டு விரற்கடைதான். ஆண்டு விழா தை மாதம் மூன்றாம் ஞாயிறு.

“நான் போகமாட்டேன்” என்றாள் கெம்பி, ஊர்க்கூட்டத்தில். “எனக்கு இன்னும் சாக வரல. என் மகளுக்கு நான் செத்ததா யாரோ சொன்னதுக்கு நான் ஏன் போகணும்?”

ஊர் மூப்பன் பாக்கை ஒதுக்கிக்கொண்டு, தன் பாட்டன் காலத்துச் சேதி ஒன்று சொன்னார். கிழங்குக்குப் போனவள் ஒருத்தி திரும்பி வராததால் புலி கொண்டுபோனதென்று நினைத்து, தாய்மாமன் அவள் பிள்ளைக்கு முடி அறுத்துவிட்டான். பன்னிரண்டாம் நாள் வழி தவறி அலைந்தவள் நிழலில்லாமல் வந்து நின்றாள். பிறகு அந்த மாமனே, அறுத்த முடியைப் பிள்ளை தலையில் வைத்து, பிள்ளை பேரைச் சொல்லி, தாய் பேரைச் சொல்லி, ‘சாகல, தப்பு என்னது’ என்று சொன்னபோது, நிழல் திரும்ப வந்ததாம். பொய்த் துக்கம் கலைக்கிறது என்று அதற்குப் பெயர்.

“அதத்தான் நான் செஞ்சு பாத்தேனே” என்றான் கெம்பியின் அண்ணன். “ரெண்டாம் வருசமே போனேன். புல்லை முடி மாதிரி திரிச்சு பிள்ளை தலையில வெச்சேன். வாட்ச்மேன் தொரத்துனதுதான் மிச்சம்.”

“நீ வெட்டுனியா?” என்றாள் கெம்பி.

“நான் எங்க வெட்டுனேன்?”

“அப்ப நீ சொன்னா எப்படிக் கலையும்? தப்பு எவனுதோ அவன் சொல்லணும். வெட்டுனவன் எவனோ அவன்தான் மாமன்.”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. “கீழ்நாட்டுக்காரனா? கத்திரிக்கோல் கடைக்காரனா நமக்குப் பங்காளி?” “அப்ப பொண்ணு சடங்குக்குச் சீர் கொண்டுவருவானா கெம்பி?” “ஆட்டுக்கடா ஒண்ணு கேளு, கொம்பு பெருசா!”

“சிரிங்க” என்றாள் கெம்பி. “என்னைக் கொல்லுற உரிமை அந்தக் கத்திரிக்கோலுக்கு இருந்துச்சுன்னா, எனக்கு அண்ணனா நிக்குற கடமையும் அதுக்கு இருக்கு. உரிமையை மட்டும் கீழ கொண்டுபோயிட்டு, கடமையை மலையில விட்டுட்டுப் போவாங்களா?”

சிரிப்பு நின்றுவிட்டது. மூப்பன் பாக்கைத் துப்பிவிட்டு, “வெட்டினவன் மாமன்தான்,” என்றார்.

அடிவாரத்து பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, விடுதிப் பிள்ளைகளுக்கு மாதாமாதம் முடி வெட்டுகிற அழகிரியின் சலூன். இரண்டு நாற்காலி, எதிரெதிரே இரண்டு கண்ணாடி, ரேடியோ. முற்பகல், கடையில் ஆளில்லை. அழகிரி கண்ணாடியைப் பார்த்துத் தன் மீசையைத் திருத்திக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து “அண்ணா” என்று ஒரு பெண் குரல் கேட்டது. கண்ணாடியில் யாரும் இல்லை. திரும்பினால் வாசலில் ஒரு மலைக்காரி நிற்கிறாள். மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். கத்திரியைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏனுங் அம்மணி… நீங்க…?”

“உன் தங்கச்சி. நீதான் என்னைச் சாகடிச்சே. தண்ணி குடு.”

தண்ணீர் கொடுத்தார். கெம்பி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, முதலிலிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் சொன்னாள். அழகிரி நின்றுகொண்டே கேட்டார். முடிந்ததும் ரேடியோப் பக்கம் திரும்பினார்; அது ஏதோ சோப்பைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தது. எட்டி அதை அணைத்தார்.

“எனக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சுங் அம்மணி,” என்றார். “சாவு தெரியாது. அழுகை தெரிஞ்சுது. எங்கப்பாரு காலத்துல இருந்து எழவு வீட்டுக்குச் செரைக்கப் போற குடும்பமுங்க நாங்க. கொழந்தைக முடி வெட்டறப்ப அழுகும், அது வேற அழுகை, காலை ஒதைக்கும், கத்தும், மிட்டாயி குடுத்தா நிக்கும். அந்தப் புள்ளைக அப்படி அழுகல. எழவு வீட்டுல மூத்த மகன் மண்டியப் போட்டு உக்காந்து தலையக் குடுத்துட்டு அழுவானே, சத்தமில்லாம, அந்த அழுகை. ஏழு வயசுப் புள்ளைக. முப்பத்தேழும். என்னடா இது எழவு வூடு மாதிரி இருக்குதேன்னு நெனைச்சேன். கேக்கோணும்னு நெனைச்சேன்.”

“கேட்டியா?”

“இல்லீங்க. அந்த ஆபீஸ்ல என்னைய உக்காரச் சொல்லவே மாட்டாங்க. நான் எங்கத்த கேக்கறது?”

“முடி எங்கே?”

“எரிக்கச் சொன்னாங்க. முடி எரிஞ்சா பொண நாத்தமுங்க. மனசு கேக்காம, குளியலறைக்குப் பின்னால முருங்கை மரத்தடியில குழி எடுத்து அதுல போட்டு மூடிட்டே வந்தேன். மொதச் சனிக்கிழமையில இருந்து எல்லாம் அங்கதான் கெடக்குது.”

தை மாதம் மூன்றாம் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தபோது, விடுதியின் பின்புறம் முப்பத்தாறு செத்த பெண்களும் ஒரு நாவிதரும் முருங்கை மரத்தடியைத் தோண்டினார்கள். ஏழு வருஷத்து முடி மக்காமல், ஒன்றோடொன்று சிக்கி, பெரிய கரடி ஒன்று சுருண்டு படுத்திருப்பதுபோலக் கிடந்தது. மேலே எல்லாம் சின்னச் சின்ன நறுக்கு. ஆளடையாளம் இல்லாத, விடுதி வெட்டிய விடுதி முடி. அவர்கள் தேடியது அடியில் இருந்தது. பிறந்ததிலிருந்து இரும்பு படாத, ஏழு வயசு நீள முடி.

முப்பத்தாறு பேரும் குழியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை, தடுமாறவுமில்லை. ஒருத்தி இது என் பெரியவள், சுருள் இடப்பக்கம் போகும் என்றாள். ஒருத்தி முகர்ந்து பார்த்து எடுத்துக்கொண்டாள். கெம்பிக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை; ஜீப் வந்த காலையில் அவள் கோத்துக் கட்டிவிட்ட மூன்று குன்றிமணிகள் அந்த முடியிலேயே இருந்தன, நிறம் மங்காமல். கடைசியில் உரிமை கேட்க ஆளில்லாமல் ஒரு கற்றை மிச்சமிருந்தது. அது ஈரியின் மகளுடையது. கெம்பி அதைச் சுருட்டித் தன் முந்தியில் முடிந்துகொண்டாள்.

வத்சலா டீச்சர் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். “அழகிரி! என்னய்யா இது? சீஃப் கெஸ்ட் வர்ற நாளா பாத்துக் குப்பையைக் கிளறிக்கிட்டு! ஏம்மா, உங்களுக்கெல்லாம் என்ன வேணும்?”

“பிள்ளைங்களக் கூப்பிடுங்க டீச்சரம்மா.”

“மேக்கப் போட்டுட்டிருக்காங்க. இப்ப எப்படி?” டீச்சர் குழியோரம் வந்து நின்றார். “ஏழு வருஷமா இந்தப் பிள்ளைங்களுக்குக் காய்ச்சல்னா நான் உக்காந்திருக்கேன். பரீட்சைன்னா நான் முழிச்சிருக்கேன். நான் இவங்களுக்குத் தாயா இருந்திருக்கேம்மா!”

“இருந்தீங்க” என்றாள் கெம்பி. “பொய் சொல்லல நீங்க. ஆனா அந்த எடம் காலியாவா இருந்துச்சு?”

டீச்சர் முடிக்குவியலைப் பார்த்தார். கெம்பி நின்ற ஈரமண்ணைப் பார்த்தார், அதில் தடமில்லை. ஏழு வருஷமாக டீ கொடுத்த பெண்ணுக்கு நிழலில்லை என்பதை முதல் தடவையாகப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய், தானே பிள்ளைகளை அழைத்துவந்தார்.

அவர்கள் இலைப்பாவாடை கட்டியிருந்தார்கள். பச்சைத் துணியில் இலை வடிவம் வெட்டித் தைத்தது; நெற்றியில் சுண்ணாம்புப் பொட்டு, கையில் அட்டை ஈட்டி. ‘மலைவாழ் மக்கள் நடனம்’. எந்த வரையரும் எந்தக் காலத்திலும் அப்படி உடுத்தியதில்லை. மலைக்குப் போகக் கூடாத மலைப்பிள்ளைகள் மலைப்பிள்ளைகள் வேஷம் போட்டு வந்து நின்றார்கள். தூறலியின் கையில் இன்னும் வைக்காத சவுரி. அம்மாக்கள் நின்ற இடத்தில் அவர்களுக்கு முருங்கை மரம் மட்டும் தெரிந்தது. அப்புறம், அழகிரி.

அழகிரியைக் கண்டதும் தூறலி இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டாள். “வேணாண்ணா. டீச்சர் வளத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க.”

அழகிரி இடுப்பிலிருந்த கத்திரியை எடுத்துக் குழிக்குள் போட்டார். மண்ணில் மண்டியிட்டார். குன்றிமணி கோத்த முடியை அவள் தலையில் வைத்துச் சொன்னார்: “ரேணுகாதேவி. உங்கம்மா சாகல. தப்பு என்னது.”

ஒன்றும் நடக்கவில்லை. முருங்கைப் பூ ஒன்று உதிர்ந்தது. கெம்பி குனிந்து மண்ணைப் பார்த்தாள், தடமில்லை.

“அது யாரு பேரு?” என்றாள் அவள், சலித்துப்போய். “ஏழு வருசமா என் பிள்ளை தலையத் தொடுற. ஒரு தடவையாவது பேரு கேட்டியா அண்ணா? அவ தூறலி. மழை தூறுறப்ப பொறந்தவ. நான் கெம்பி.”

அழகிரியின் முகம் காது மடல்வரை சிவந்துபோனது. ‘தப்பு என்னது’ என்ற அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லவேண்டியவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஜீப் அனுப்பியவர்கள், தாள் எழுதியவர்கள், தாளில் முத்திரை குத்தியவர்கள், அறிக்கை படித்துத் தலையாட்டியவர்கள். அவர்களில் ஒருவரும் வரவில்லை. ஆபீசில் உட்காரச் சொல்லப்படாத ஒருவர்தான் வந்து மண்ணில் மண்டியிட்டிருந்தார்.

“தூறலி,” என்றார். “உங்கம்மா கெம்பி சாகல கண்ணு. நான் வெட்டக் கூடாத முடிய வெட்டுனேன். தப்பு என்னது.”

முதலில் எதுவும் தெரியவில்லை. பிறகு கெம்பி “ஸ்ஸ்!” என்றாள்.

தோண்டிய மண்ணில் கட்டெறும்புப் புற்று ஒன்று உடைந்திருந்தது. அவள் அதன்மேல்தான் நின்றிருந்தாள், இவ்வளவு நேரமாக, எதுவும் தெரியாமல். இப்போது கால் கொழகொழவென்று ஈரமண்ணுக்குள் கணுக்கால்வரை இறங்கியது. எலும்பும் சதையும் வயிறும் ஏழு வருஷமும் மொத்தமாக வந்து உடம்பில் உட்கார்ந்தன. கெண்டைக்காலில் எறும்பு சுருக்கென்று கடித்தது.

தூறலி சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். கண்ணைச் சுருக்கினாள். தலையிலிருந்த முடி நழுவித் தோளில் விழுந்தது, கெம்பி அங்கேயே இருந்தாள்.

மகள் வாயைத் திறந்தாள். ஏழு வருஷமாகக் கெம்பி இந்த நிமிஷத்துக்கு என்னென்னவோ நினைத்து வைத்திருந்தாள். எங்கே போயிருந்தாய் என்று அவள் கேட்பாள், எண்பத்து நாலு சனிக்கிழமையும் உன் பக்கத்தில்தான் இருந்தேன் என்று தான் சொல்லவேண்டும் என்றெல்லாம்.

“எறும்புப் புத்துலயா நிப்ப?” என்று தூறலி அதட்டினாள், அழுதுகொண்டே. “தள்ளி நில்லும்மா!”

அழகிரி அடுத்த கற்றையைக் கையில் எடுத்துக்கொண்டு, “அடுத்த புள்ள பேரென்னங் அம்மணி? சரியாச் சொல்லுங்க” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாக்கள் இடித்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். வாசல் பக்கம் கார்கள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மைக்கில் யாரோ, ரேணுகாதேவி குழுவினர் உடனே மேடைக்கு வரவும், ரேணுகாதேவி குழுவினர் உடனே மேடைக்கு வரவும் என்று கூப்பிட்டார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கெம்பி தள்ளி நிற்கவில்லை. இரண்டாவது எறும்பு முழங்காலுக்கு ஏறிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தட்டிவிடவில்லை. கடிக்கட்டும் என்று நின்றாள்.